வவ்வாலுக்குச் சினைக்காலம் எத்தனை மாசம்?

பசு மாட்டுக்குச் சினைக்காலம் ஒன்பது மாசம் பத்து நாள். எருமைக்குப் பத்து மாசம் பத்து நாள். ஆட்டுக்கு அஞ்சு மாசம். பன்றிக்கு மூணு மாசம் மூணு வாரம் மூணு நாள். கோழியை அடை வச்சா இருபத்தொரு நாள். இந்தக் கணக்கெல்லாம் எங்க ஊர்ல பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவங்களுக்கும் மனப்பாடம். சினை ஊசி போட்ட தேதியை நாள்காட்டியில வட்டம் போட்டு வச்சிட்டா, கன்னு எந்த வாரம் விழும்னு என் வீட்டுக்காரம்மா சொல்லிடுவாங்க. ரெண்டு நாள் முன்ன பின்ன இருக்கும், அவ்வளவுதான்.

வவ்வாலுக்கு எத்தனை மாசம்?

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணா பதில் சொல்ல முடியாது. நம்ம பனை மரத்துல, கட்டட இடுக்குல, அசோக மரத்துல தொங்குதே அந்தச் சின்னப் பழந்தின்னி வவ்வால், அது வருஷத்துக்கு ரெண்டு தடவை சினையாகுது. ஒரு தடவை ஏறக்குறைய அஞ்சு மாசம் சுமக்குது. அடுத்த தடவை அதே வவ்வால் நாலு மாசத்துச் சொச்சத்துல ஈன்றுடுது. தாய் அதேதான், குட்டியும் அதே அளவுதான், ஆனா சுமக்குற காலம் மட்டும் வேற. மாடு வளர்க்குறவனுக்கு இதைக் கேட்டா முதல்ல சிரிப்பு வரும். எனக்கும் வந்துச்சு.

இதை எனக்குச் சொன்னது ஒரு ஆராய்ச்சி மாணவி. 2018 மார்கழியில வந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்த வருஷம் மே மாசத்துல கோழிக்கோட்டுல நிபா காய்ச்சல் வந்து ஆட்கள் செத்துப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழந்தின்னி வவ்வால்தான் காரணம்னு டிவியில ராத்திரி பகலா ஓடுச்சு. எங்க ஊர் செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவுல உள்ள தள்ளி இருக்கு. எனக்கு இரண்டேகால் ஏக்கர், ஒரு கிணறு, கிணத்து மேட்டுல வரிசையா பதினோரு பனை. அதுல நாலஞ்சு பனையில ஓலை கழிக்காம காவோலை தொங்கிக்கிட்டு கிடக்கும். அதுக்குள்ள எப்பவும் வவ்வால். பக்கத்துத் தோட்டத்து மாமா நேரா வந்து, "மாப்ள, ஒரு தீப்பந்தம் போதும், காவோலையோட சேர்த்து அம்புட்டும் போயிரும். நம்ம பேரன் பேத்தி நடமாடுற இடம்"னாரு. அவரு பயம் நியாயமான பயம். பேரப்பிள்ளை உள்ள மனுஷன் வேற எப்படிப் பேசுவாரு?

எனக்குப் பேரப்பிள்ளை அப்ப இல்லை. அதை அப்புறம் சொல்றேன்.

நான் தீ வைக்க ஒத்துக்கலை. அதுக்குப் பெருசா கொள்கை ஒண்ணும் இல்லை. காவோலையில தீ வச்சா பனைக் குருத்தும் சேர்ந்து கருகும், எங்க ஐயா வச்ச மரம். சரி, இந்த வவ்வால் என்ன வவ்வால், இதுல நிபா இருக்கா இல்லையான்னு யாரையாவது கேட்போம்னு, நாகமலைப் பக்கம் இருக்குற மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போன உறவுக்காரப் பையன் ஒருத்தன் மூலமா விசாரிச்சேன். அங்க வவ்வாலுக்குன்னே ஆராய்ச்சி நடக்குதுன்னு அப்பத்தான் தெரியும். மதுரைக்காரங்க பல பேருக்கு இன்னைக்கும் தெரியாது. பட்டணத்துல இருக்குற உங்களுக்காக அதை ஒரு நாலு வரி சொல்லிட்டு மேல போறேன்.

பல்கலைக்கழகத்துக்குக் கிட்டத்துல சமணர் மலை. கீழக்குயில்குடி தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் பார்க்க நிறைய பேர் போறீங்க. அந்த மலைப்பக்கம் ஒரு குகையில இலைமூக்கு வவ்வால்கள் கூட்டமா இருக்கு. எம். கே. சந்திரசேகரன்னு ஒரு பேராசிரியர், உயிர்களோட உடம்புக்குள்ள ஓடுற கடிகாரத்தை ஆராய்ஞ்சவர், 1979ல பட்நாகர் விருது வாங்கினவர். அவரும் அவர் மாணவர் மாரிமுத்துவும் மத்தவங்களும் சேர்ந்து பார்த்த விஷயம் இது: குகைக்குள்ள சூரிய வெளிச்சமே எட்டாத இருட்டுல இருக்குற வவ்வாலுக்கு வெளியே பொழுது சாய்ஞ்சது எப்படித் தெரியும்? ஒரு வவ்வாலை குகைக்குள்ளயே தனியா அடைச்சு வச்சாங்க. வெளியே போய் வர்ற கூட்டம் பக்கத்துல இருந்தா, அடைபட்டதும் அதே நேரத்துக்குச் சிறகடிக்க ஆரம்பிக்குது. கூட்டம் இல்லாத குகையில அடைச்சா, அதோட உள் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போயிடுது. 1981ல இதைக் கட்டுரையா எழுதி உலகம் பூராவும் படிச்சாங்க. ஆட்டுக்குக் கூட்டம் எப்படியோ அப்படித்தான் வவ்வாலுக்கும்.

சரி, கதைக்கு வர்றேன். அந்த மாணவி வந்து ரெண்டு ராத்திரி கிணத்து மேட்டுல மெல்லிசு வலை கட்டினாங்க. சிக்கினது எல்லாம் குட்டைமூக்குப் பழந்தின்னி. உள்ளங்கையில அடங்கிடும், அம்பது கிராம் இருந்தா அதிகம். கோழிக்கோட்டுக்காரங்க சந்தேகப்பட்டது இதை இல்லை, பெரிய பழந்தின்னியை. அது சிறகை விரிச்சா ஒரு மீட்டருக்கு மேல போகும், ஆலமரத்துலயும் மருத மரத்துலயும் வெட்டவெளியா நூத்துக்கணக்குல தொங்கும். மதுரைப் பக்கம் புளியங்குளத்துல அப்படி ஒரு ஆலமரம் உண்டு. முனி குடியிருக்குற மரம்னு சொல்லி ஊர்க்காரங்க ஒருத்தரையும் கல்லெடுக்க விடுறதில்லைன்னு மாரிமுத்து ஐயா எழுதி, அது வெளிநாட்டு வவ்வால் பத்திரிகையில வந்திருக்கு.

"ஐயா, எந்த வவ்வாலா இருந்தாலும் கடிச்சுப் போட்ட பழத்தைத் திங்கக் கூடாது. பதனீர்க் கலயத்தை மூடிக் கட்டுங்க. வங்கதேசத்துல ஈச்சம்பாளையில வடியுற பச்சைப் பதனீர்ல வவ்வால் வாய் வச்சுத்தான் நிபா பரவுச்சு. இந்த ரெண்டையும் செஞ்சாப் போதும், மரத்தைக் கொளுத்த வேண்டியதில்லை"ன்னாங்க. மாமாவும் பக்கத்துல நின்னு கேட்டாரு. அரை மனசாத்தான் தலையாட்டினாரு. கலயம் மூட வலைத்துணி வாங்கியாந்தது அவருதான்.

ரெண்டாவது ராத்திரி ஒரு பெண் வவ்வாலைக் கையில வச்சுக்கிட்டு, வயித்தை விரலால லேசாத் தடவிப் பார்த்துட்டு, "இது சினை"ன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. வயிறு ஒண்ணுமே தெரியலை. நம்ம ஊர் கால்நடை டாக்டர் மாட்டுக்குக் கையை விட்டுப் பார்க்குறாரே, அந்த மாதிரி பழகின கைக்குத்தான் தெரியும் போல. "எத்தனை மாசம்?"னு கேட்டேன். "சேர்ந்து ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும். ஆனா கரு ரெண்டு மாசக் கரு மாதிரி இருக்காது"ன்னாங்க. அங்கதான் நான் முழிச்சேன்.

அவங்க விளக்கினதையும், அப்புறம் நானா தேடிப் படிச்சதையும் சேர்த்து எழுதுறேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன், அதனால பத்தாவது படிச்சவனுக்குப் புரியுற மாதிரிதான் வரும்.

உலகத்துல வவ்வால்கள் சினையைத் தள்ளிப்போட மூணு வழி வச்சிருக்கு. முதல் வழி, ஆணோட சேர்ந்துட்டு விந்தை மட்டும் கருப்பையிலயோ குழாயிலயோ பத்திரமா வச்சுக்கிறது. முட்டை பிறகு வரும், அப்பத்தான் கரு பிடிக்கும். குளிர் நாட்டு வவ்வால்கள் பலதும் பனிக்காலம் முழுக்க இப்படித்தான் வச்சிருக்கும். வெதை நெல்லைக் குதிர்ல போட்டு வச்சிட்டு மழைக்குக் காத்திருக்கிற மாதிரி. ரெண்டாவது வழி, கரு உருவாகிடும், ஆனா கருப்பையில ஒட்டாம மிதந்துக்கிட்டு இருக்கும். நீள்சிறகு வவ்வால்னு குகையில இருக்குற ஒரு சாதி குளிர் நாடுகள்ல அப்படிச் செய்யுது. மூணாவது வழிதான் நம்ம பனைமரத்து வழி. கரு பிடிச்சு, ஒட்டியும் முடிஞ்சிடும், ஆனா வளர்ச்சி ஆமை மாதிரி நகரும். பிலிப்பைன்ஸ்ல ஒரு குட்டிப் பழந்தின்னி இருக்காம், அதோட கரு எட்டு மாசம் வரைக்கும் கூட இப்படிக் கிடக்கும். மொத்தச் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு வருஷம். அம்பது கிராம்கூட இல்லாத உசிரு, யானைக்குப் பாதி அளவு நாள் சுமக்குது.

நம்ம குட்டைமூக்கு வவ்வாலை இந்த விஷயத்துல ஆழமாப் பார்த்தவங்க காசிக்காரங்க. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துல அமிதாப் கிருஷ்ணா என்கிற பேராசிரியரும் அவரோட மாணவர்களும். அங்க ஐப்பசி வாக்குல சேருது. கார்த்திகை, மார்கழியில கரு ரொம்ப மெதுவா வளருது. குளிர் விலக விலக வேகம் எடுத்து, மாசி பங்குனியில குட்டி. ஈன்ற கையோட திரும்பச் சேருது, அது தாமதம் இல்லாம ஓடி ஆனி ஆடியில அடுத்த குட்டி. முதல் சினை நீளம், ரெண்டாவது சினை கட்டை. காசியில குளிர் எலும்பைக் குத்தும், மதுரையில மார்கழிக் குளிர்னா ஒரு துண்டு போர்த்துற குளிர்தான். அதனால காசிக் கணக்கை அப்படியே நம்ம பனைக்குத் தூக்கி வைக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு எச்சரிக்கையும் பண்ணிட்டுத்தான் சொன்னாங்க. ஆனா மாசி பங்குனியில ஒரு தடவை, ஆனி ஆடியில ஒரு தடவை தாய் வயித்துல குட்டி ஒட்டிக்கிட்டு இருக்குறதை நான் என் கண்ணாலயே வருஷா வருஷம் பார்க்குறேன்.

இந்தத் தாமதத்தை யார் கட்டுப்படுத்துறது? மாடு வச்சிருக்கிற ஆட்களுக்கு இது சட்டுனு புரியும். முட்டை வெளியேறின இடத்துல சினைப்பையில ஒரு சின்ன மஞ்சள் கட்டி உண்டாகும். கார்ப்பஸ் லூட்டியம்னு பேரு, டாக்டருங்க சி.எல்.னு சுருக்கிச் சொல்வாங்க. மாட்டுக்குக் கையை விட்டுப் பார்த்துட்டு "சி.எல். நல்லா இருக்கு"ன்னு சொல்றது இதைத்தான். அதுல இருந்து புரோஜெஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் சுரக்கும். கருப்பையைப் பக்குவம் பண்றதும், கருவைத் தாங்கிப் பிடிக்கிறதும் அதுதான். நம்ம பாஷையில சொன்னா வாய்க்கால் மடை. மடையைத் திறந்தா வயல் நிறையும், ஒரு விரக்கடை மட்டும் விட்டு அடைச்சா பயிர் சாகாது, ஆனா ஏறவும் ஏறாது. காசி வவ்வாலுக்கு அந்தக் குளிர் மாசங்கள்ல மஞ்சள் கட்டி இருக்கு, ஆனா வேலை மட்டா இருக்கு, புரோஜெஸ்டிரோன் கம்மி. அந்த நேரத்துல வெளியில இருந்து புரோஜெஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தா கரு வேகமா வளருது. மடை எதுன்னு அதுல தெரிஞ்சுபோச்சு.

மடையை அடைக்கிற கை எது? அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். குளிருக்கு முன்னாடி இந்த வவ்வால் தின்னு தின்னு உடம்புல கொழுப்பைச் சேர்த்துக்குது. கொழுப்புன்னா சும்மா மூட்டை மாதிரி கிடக்குற சரக்குன்னு நாம நினைக்கிறோம். அது தகவலும் அனுப்புது. அடிப்போனெக்டின்னு ஒரு ஹார்மோன் கொழுப்புல இருந்துதான் வருது, ஆனா கொழுப்பு ஏற ஏற அது குறையுது. வேடிக்கையான சரக்கு. வவ்வாலுக்கு அது குறைஞ்ச காலமும் கரு தூங்குற காலமும் ஒண்ணா வருது. அதை ஊசியா கொடுத்தப்போ புரோஜெஸ்டிரோன் ஏறுச்சு, கருவுக்குச் சர்க்கரை கூடுதலாப் போச்சு, வளர்ச்சியும் கூடுச்சு. ஆகமொத்தம் தாயோட உடம்புல எவ்வளவு இருப்பு இருக்கு, வெளியே குளிரா வெயிலா, தீனி வருமா வராதா, இதெல்லாம் கொழுப்பு வழியா சினைப்பைக்குச் சேதி போகுது.

ஏன் இவ்வளவு பாடுன்னா, குட்டி ஒண்ணே ஒண்ணு. அதுவும் பிறக்கும்போதே தாய் எடையில ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். அம்பது கிலோ பொம்பளை பன்னெண்டு கிலோ பிள்ளை பெத்து, அதை வயித்துல கட்டிக்கிட்டுப் பறந்துகிட்டே பால் கொடுக்குறதா நினைச்சுப் பாருங்க. பால் வத்துற காலத்துல பிறந்தா தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. மாசியில இருந்து இலுப்பை பூக்கும், ஆனி ஆடியில நாவலும் வேப்பம்பழமும் கொட்டும். எங்க ஊர் இலுப்பைத் தோப்புல பங்குனி ராத்திரி போய் நின்னீங்கன்னா தலைக்கு மேல சடசடன்னு இறக்கைச் சத்தம்தான். பூவோட சதையைத் திங்க வர்ற கூட்டம். குட்டி பிறக்குற மாசத்தை அந்தக் கூட்டம் இலுப்பையோட பேசி வச்சுக்கிட்ட மாதிரிதான் இருக்கும்.

விதைக்கும் இது உண்டு. கொடிக்கடலையைப் பிடுங்குறப்போ மழை பிடிச்சாலும் மண்ணுக்குள்ள முளைக்காது, அதுக்கு உறக்கம் உண்டு. கொத்துக்கடலை பல ரகத்துக்கு உறக்கம் கிடையாது, அறுவடைக்கு ரெண்டு நாள் தாமதம் ஆகி மழையும் வந்தா செடியிலயே முளைச்சு நிக்கும். உறக்கம் நல்லதா கெட்டதான்னு கேட்டா நான் எந்த ரகம் போட்டிருக்கேன்னு பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

இப்ப, பேரப்பிள்ளை விஷயம்.

மூத்த மகளைக் கட்டிக் கொடுத்து அப்ப ஆறு வருஷம். மாப்பிள்ளைக்கு கோயம்புத்தூர்ல வேலை. ஆறு வருஷமும் ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் காதுகுத்துலயும் "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டுக் கேட்டு, அவ திருவிழாவுக்கு ஊருக்கு வர்றதையே நிறுத்திட்டா. டாக்டருங்க நீர்க்கட்டின்னு சொன்னாங்க. சினைப்பையில முட்டை முத்தி வெடிக்காம அப்படியே நின்னுடுதுன்னாங்க. உடம்பு கனம் வேற. ஊர்ல ஆளுக்கு ஒரு மருந்து சொன்னாங்க. ஒரு பெரியம்மா, பேரு வேண்டாம், "வவ்வால் அடையுற வீடு வெளங்காது, கிணத்து மேட்டைச் சுத்தம் பண்ணு, மக வயிறு திறக்கும்"னாங்க. மாமா தீப்பந்தம் கேட்டப்போ இதுவும் என் காதுக்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. என் வீட்டுக்காரம்மா வாய்விட்டு ஒண்ணும் சொல்லலை. சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

அந்த ஆராய்ச்சிப் பொண்ணுக்கும் என் மக வயசுதான். காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது என் வீட்டுக்காரம்மாவே பேச்சை எடுத்தாங்க. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அம்மா, இன்னொரு வவ்வால் இருக்கு. மஞ்சள் வவ்வால். உங்க வீட்டு ஓட்டு இடுக்குலகூட இருக்கலாம். பூச்சி திங்கும்"னு ஆரம்பிச்சாங்க.

மஞ்சள் வவ்வாலையும் காசியில அதே கிருஷ்ணா குழுதான் வருஷக்கணக்கா பார்த்திருக்காங்க. அது தை மாசத்துல ஆணோட சேர்ந்துடுது. ஆனா முட்டை அப்ப வராது. மாசி கடைசியில, பங்குனி பிறக்கும்போதுதான் வரும். அதுவரைக்கும் விந்தைச் சேமிச்சு வச்சிருக்கும். அந்த இடைப்பட்ட குளிர் காலத்துல பெண் வவ்வாலோட ரத்தத்தைப் பரிசோதிச்சா, உடம்புல கொழுப்பு கூடியிருக்கும், இன்சுலின் கூடியிருக்கும், ஆண் தன்மை ஹார்மோன் கூடியிருக்கும், சினைப்பையில முட்டைப்பை முத்தாம காத்துக்கிட்டு நிக்கும். டாக்டருங்க பொண்ணுங்களுக்கு நீர்க்கட்டின்னு சொல்ற அந்த ஹார்மோன் படமும் இதுவும் ஏகத்துக்கு ஒத்துப்போகுதுன்னு ஆராய்ச்சிக்காரங்களே எழுதியிருக்காங்க. ஒரே வித்தியாசம், வவ்வாலுக்கு அது வருஷா வருஷம் வந்து தானாப் போற பருவம். குளிர்ல சேர்த்த கொழுப்பு கரைஞ்சதும் இன்சுலின் இறங்கும், முட்டை வெடிக்கும், கரு பிடிக்கும்.

"வவ்வாலைப் பார்த்து மனுஷங்களுக்கு வைத்தியம் சொல்ல முடியாதும்மா. அக்கா டாக்டர் சொல்றதைத்தான் கேட்கணும். ஆனா இது சாபம் கீபம் இல்லை. உடம்போட கணக்கு. இதே கணக்கு உங்க ஓட்டுக்குள்ளயும் ஓடிக்கிட்டு இருக்கு"ன்னாங்க.

என் வீட்டுக்காரம்மா எழுந்து போய் உள்ள என்னமோ பாத்திரத்தை உருட்டினாங்க. அழறாங்கன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரி மகளுக்கு போன் போட்டு, ஆறு வருஷத்துல முதல் தடவையா, குழந்தை விஷயம் எதுவும் கேட்காம மஞ்சள் வவ்வால் கதையை அரை மணி நேரம் சொன்னாங்க. மக அந்தப் பக்கம் சிரிச்ச சத்தம் எனக்கும் கேட்டுச்சு.

அவளோட டாக்டரும் எடையைத்தான் குறைக்கச் சொல்லியிருந்தாங்க. நடக்க ஆரம்பிச்சா, ராத்திரி சோத்தைக் குறைச்சா, மாத்திரையும் எடுத்தா. 2019 ஆவணியில தங்குச்சு. ஏழாவது வாரத்துல லேசா உதிரம் பட்டு, படுத்தே இருக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. நான் பார்க்கப் போனப்போ கட்டில் ஓரத்துல மாத்திரை அட்டை கிடந்துச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சேன். புரோஜெஸ்டிரோன். எனக்குக் கை லேசா நடுங்குச்சு. அதே மடை. "என்னப்பா பார்க்குற?"ன்னா. "ஒண்ணும் இல்லைத்தா, இந்தச் சரக்கு நம்ம கிணத்து மேட்டுலயும் இருக்கு"ன்னேன். மனுஷப் பிள்ளைக்கு வவ்வால் மாதிரி மெதுவா வளர்ற வசதி கிடையாது. அது நின்னா நின்னுபோச்சு. அதனால அந்த அட்டையில இருந்த மாத்திரை ஒவ்வொண்ணும் எனக்கு எண்ணி எண்ணிப் போச்சு.

சித்திரையில பொண்ணு பிறந்துச்சு. கொரோனா ஊரடங்கு. பாஸ் கிடைக்காம நாங்க போன்லதான் முகம் பார்த்தோம். ரெண்டு கிலோ எழுநூறு. பெரியம்மா வந்து சர்க்கரை கேட்டு வாங்கித் தின்னுட்டு, "கிணத்து மேட்டைச் சுத்தம் பண்ணிட்டியாக்கும்?"னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன்.

பனைக் கதையையும் முடிச்சிடுறேன். பதனீர் எடுக்குறவங்களுக்குத் தை மாசத்துல மரம் கழிக்கணும். காவோலையைக் கழிச்சு, பாளை வர்றதுக்கு வழி பண்ணணும். வவ்வாலுக்கு அதுதான் வயித்துல குட்டி வேகமா வளர்ற மாசம். அதுக்கு அடுத்து மாசி, பங்குனி குட்டி கையில. ஆடி வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு. காலியா இருக்குற காலம்னா ஆவணி, புரட்டாசிதான். குட்டிங்க தனியாப் பறக்கப் பழகியிருக்கும், அடுத்த சேர்க்கை இன்னும் தொடங்கியிருக்காது. தெற்கத்திப் பக்கம் இருந்து வர்ற பனையேறி அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னேன். அவரு, "புரட்டாசியில கழிச்சா எனக்கு என்ன லாபம்? தையில திரும்பக் காவோலை தொங்கும்லா?"ன்னாரு. நியாயம்தான். பேசிப் பேசி, எட்டு மரம் அவரு இஷ்டத்துக்கு, மூணு மரம் வவ்வாலுக்குன்னு முடிவாச்சு. மூணும் ஆண் பனை. அந்த மூணுல புரட்டாசியில மட்டும் பாதிக் காவோலை கழிப்பேன், மீதி கிடக்கும். ஆண் வவ்வால் ஒண்ணு ஓலைக்குள்ள இடம் பிடிச்சு உட்கார்ந்துக்கும், அஞ்சாறு பெண்ணுங்க வந்து சேரும். பாளையங்கோட்டையில கல்லூரி ஆசிரியர்கள் பார்த்து எழுதியிருக்காங்க, கொடியையும் இலையையும் ஆண் வவ்வாலே கடிச்சுக் கடிச்சுக் கூடாரம் பண்ணுமாம். வீடு கட்டாம பொண்ணு கேட்டு வராத சாதி.

சட்டத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2021ல வேளாண் பட்ஜெட்டுல பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாங்க. மரத்துக்கு அப்படி ஒரு காவல் வந்துச்சு. அதுல அடையுற வவ்வாலுக்கு? ரொம்ப வருஷமா வனவிலங்குச் சட்டத்துல எலி, காக்காயோட சேர்த்துப் பழந்தின்னி வவ்வாலும் தொல்லை உயிரினப் பட்டியல்லதான் இருந்துச்சு, யாரு கொன்னாலும் கேள்வி கிடையாது. 2022ல சட்டத்தைத் திருத்தினப்போ அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க. அந்தக் காலத்துலயும் தப்பிச்சது ஒரு பழந்தின்னி, நம்ம தேனி மாவட்டத்து மேகமலைக்காரன். 1948ல ஆங்கஸ் ஹட்டன்னு ஒருத்தர் பிடிச்சு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்தாரு. சாதாரண குட்டைமூக்கு வவ்வால்னு சீட்டு ஒட்டி இருபத்திச் சொச்சம் வருஷம் பெட்டியிலயே கிடந்துச்சு. 1972ல தாய்லாந்துக்காரர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்துட்டுத்தான் இது வேற இனம்னு கண்டுபிடிச்சு, சலீம் அலி பேரை வச்சாரு.

உங்க அடுக்குமாடிக் கார் நிறுத்துற இடத்துல வாதாங்கொட்டையும் மென்னு துப்பின சக்கையும் கிடந்தா, அது இதே குட்டைமூக்கு வேலைதான். மேல அசோக மரத்துலயோ பனைவாழையிலயோ இருக்கும். கிளை வெட்டியே ஆகணும்னா ஆவணி புரட்டாசியில வெட்டச் சொல்லுங்க. கீழே விழுந்த குட்டியை வெறுங்கையால தொடாதீங்க, துணியால எடுத்து மரத்துல உயரமா ஒரு கிளையில தொங்கவிட்டா, பல நேரம் ராத்திரி தாய் வந்து தூக்கிட்டுப் போயிடும்.

இந்த வருஷம் மார்கழியில டார்ச் அடிச்சு எண்ணினேன். மூணு மரத்துலயும் சேர்த்துப் பதினாலு. பேத்தி கீழே நின்னு எண்ணினதுல பதினேழு. அண்ணாச்சி நேத்து போன் பண்ணி, மூணுல ஒரு மரத்தைத் திருப்பித் தர முடியுமா, இந்த வருஷம் கருப்பட்டிக்கு நல்ல விலைன்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னு வச்சிருக்கேன்.